குதித்தவள் ஒருத்திதான்

எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலைக் கல்லூரியில் நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதிக்கும் பயிற்சிக்கு எங்கள் என்.சி.சி. மாணவர் படையிலிருந்து இரண்டு பெண்களை அனுப்பலாம் என்று வேலூர் படை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் கல்லூரியில் ஆண்கள்கூட அதுவரை அந்தப் பயிற்சிக்குப் போனதில்லை. படையைப் பார்த்துக்கொண்ட வணிகவியல் விரிவுரையாளர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார். முதல்வரிடம் பேசினார், எங்கள் வீடுகளுக்கு வந்து பேசினார், வேலூருக்கு இரண்டு முறை போய்வந்தார். ஒன்பது பேர் தேர்வுக்குப் போனோம். ஒரு மைல் ஓட வேண்டும், ஆறடிச் சுவரிலிருந்து தயங்காமல் குதிக்க வேண்டும். தேறியது நானும் அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒருத்தியும்.

அவள் அந்தக் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். அப்பா இல்லை. அம்மா மலை சுற்றும் பாதையில் தேங்காய், கற்பூரம் விற்கும் கடை வைத்திருந்தார். அவள் தினமும் சைக்கிளில் வருவாள். அதற்கே ஊரில் பேச்சு உண்டு. நான் ஊருக்குள் இருந்தவள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவரின் மகள். எங்களுடையது பழைய சமணக் குடும்பம். வெங்காயம், உருளைக்கிழங்கு கிடையாது, பொழுது சாய்வதற்கு முன் சாப்பாடு முடிந்துவிடும். தேர்வுக்கு முன் ஒரு மாதம் நாங்கள் இருவரும் ஏரி மதகின் மேலிருந்து கீழே மணலில் குதித்துக் குதித்துப் பழகினோம். அப்படித்தான் சிநேகம் ஆனது.

பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. சாவோ காயமோ நேர்ந்தால் யாரும் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருந்ததை அப்பா ஒளிக்கவில்லை. அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். பதினோரு நாள் அப்பாவோடு பேசவில்லை. அப்பா கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்காமல், "நாங்கெல்லாம் கீழயே நின்னு பாத்துட்டுப் போயிடப் போறோம். நீ ஒருத்தி மேல போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

அவளுடைய அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: கட்டியிருக்கிற துணி விரியும் என்று யார் சொன்னது? விரியும் என்று இவள் சொன்னதும் பெருவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டார்.

மீட்டர்கேஜ் ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறி, துணைக்கு வந்த வேலூர்க் கல்லூரிப் பெண் விரிவுரையாளர் ஒருவரோடு ஆக்ரா போய்ச் சேர்ந்தோம். பயிற்சி முகாமில் பல மாநிலத்துப் பெண்கள். முதல் பத்து நாட்களும் தரையில்தான். கால்களைச் சேர்த்து, முழங்காலை லேசாக மடக்கி, மேடையிலிருந்து விழுந்து, பக்கவாட்டில் உருள வேண்டும். காலையில் உருளத் தொடங்கினால் மதியம் வரை உருளல்தான். மரத்தில் செய்த பொய் விமானத்தின் வாசலில் நின்று, கட்டளை வந்ததும் வெளியே தாவ வேண்டும். வார்ப்பட்டையில் தொங்கவிட்டு ஆட்டுவார்கள்.

அதில் எல்லாம் நான் கெட்டிக்காரி. நரைத்த மீசை வைத்த பயிற்சியாளர் என்னை முன்னால் அழைத்து மற்றவர்களுக்குச் செய்துகாட்டச் சொல்வார். அவளுக்குக் கால்கள் சேரவே சேராது. அகட்டி விழுவாள், இந்தியில் திட்டு வாங்குவாள், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறுவாள். தினமும் காலையில் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டே, "எனக்குப் பயமா இருக்குடி" என்பாள். கூச்சமே இல்லாமல், பசிக்கிறது என்று சொல்வதுபோல் சொல்வாள். நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு உருளைக்கிழங்கு போட்டால் அதை எடுத்துக்கொண்டு தன் சப்பாத்தியை எனக்கு வைப்பாள். பொழுது சாய்ந்துவிடுமே என்று எனக்காக வரிசையில் முண்டியடித்து முன்னால் போய் நிற்பாள்.

குதிக்கிற நாள் காலையில் காற்று இல்லை. அது நல்ல அறிகுறி என்றார்கள். முதுகில் பெரிய பாராசூட், மார்பில் சின்னது. இரண்டும் சேர்ந்து நிமிர்ந்து நடக்கவிடாது; கூனியபடியே வரிசையாக விமானத்துக்குள் ஏறினோம். இரண்டு பக்கமும் பெஞ்சுகள். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் வாய் அசைவது தெரியும், பேச்சுக் கேட்காது. நான் ஏழாவது. அவள் எனக்குப் பின்னால், எட்டாவது.

முதுகுப் பையிலிருந்து வரும் ஒரு நாடாவின் கொக்கியை விமானத்தின் உள்ளே மேலே ஓடும் கம்பியில் மாட்ட வேண்டும். குதித்ததும் அந்த நாடா இழுத்துத்தான் பாராசூட் விரியும். நாம் எதையும் இழுக்க வேண்டியதில்லை. வாசலைத் தாண்டினால் போதும். எழுந்து நின்று மாட்டினோம். பின்னால் நிற்பவள் முன்னால் நிற்பவளின் முதுகைச் சரிபார்த்துத் தோளில் தட்ட வேண்டும். அவள் என் தோளில் தட்டினாள். வாசலுக்கு மேலிருந்த விளக்கு பச்சையானது.

முதல் பெண் போனாள். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொருத்தி போனதும் வாசலில் ஒரு கணம் வெறும் வெளிச்சம் தெரியும். போனவர்களின் நாடாக்கள் வெளியே காற்றில் விமானத்தின் உடம்பை அடித்துக்கொண்டிருந்தன. நான் நான்காமவளைப் பார்த்தேன். அவள் போன வேகத்தைப் பார்த்தேன். குதித்ததுபோல் இல்லை, யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. ஐந்து. ஆறு.

வாசலுக்கு வந்தேன். இடது காலை விளிம்பில் வைத்தேன். இரண்டு கையாலும் வாசலின் ஓரத்தைப் பிடித்தேன். பயிற்சியாளர் என் காதருகே கத்தினார். என் கால் நகரவில்லை. மறுபடி கத்தினார். "மாட்டேன்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரே கையால் என்னை வாசலிலிருந்து ஒதுக்கி, சுவரோடு சாய்த்து, மேலே கம்பியிலிருந்து என் கொக்கியைக் கழற்றினார்.

இப்போது வாசலில் அவள். என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்தான். உதடு வெளுத்திருந்தது. பிறகு அங்கே அவள் இல்லை.

மீதிப் பேர் குதித்து முடித்ததும் அந்தப் பெரிய விமானத்தில் நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தரைக்கு வந்தேன். பயிற்சியாளர் தன் தண்ணீர்க் குப்பியை நீட்டினார். இது நடப்பதுதான், பெரிய பெரிய சிப்பாய்களுக்கும் நடந்திருக்கிறது என்று இந்தியில் சொன்னார். ஆனால் ஒருமுறை மறுத்தவரை மறுபடி ஏற்றுவதில்லை என்பது அங்கே விதி. மீதி இருந்த நாட்களில், பாராசூட்டுகளைக் காயவைத்து ஒட்டியிருக்கும் புல்லையும் முள்ளையும் எடுக்கும் கொட்டகையில் என்னை உட்காரவைத்தார்கள். அவள் மேலும் நான்கு முறை குதித்தாள். குதித்து முடித்தவர்களுக்குச் சட்டைக் கை மேல் தைத்துக்கொள்ள ஒரு துணி இறக்கைச் சின்னம் கொடுத்தார்கள்.

அவள் என்னைக் கேலி செய்யவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. திரும்பி வரும் ரயிலில், துணைக்கு வந்த விரிவுரையாளர் தூங்கியதும், "ஊருக்குப் போன உடனே சொல்லிடுடி. நாள் ஆச்சுன்னா வாய் வராது" என்றாள். சரி என்றேன். உண்மையாகவே சொல்வதாகத்தான் இருந்தேன்.

திருவண்ணாமலை ஸ்டேஷனில் இறங்கினால் பிளாட்பாரத்தில் மாலையோடு எங்கள் வணிகவியல் விரிவுரையாளர், அவருக்குப் பின்னால் சீருடையில் மாணவர்கள். கூட்டத்துக்குப் பின்னால், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்த அப்பா. மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் அன்று மாலையே விரிவுரையாளரின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்க ரெண்டு பேரை அனுப்ப நான் எத்தனை பேர்கிட்ட கெஞ்சியிருக்கேன் தெரியுமாம்மா? பொண்ணு ஒண்ணு பயந்துடுச்சுன்னு வெளிய போச்சுன்னா அடுத்த வருஷம் ஒருத்தியையும் அனுப்ப மாட்டாங்க. நீ பொய் சொல்ல வேணாம். கேட்டா, பயிற்சிக்குப் போயிட்டு வந்தேன்னு சொல்லு. அது நெசம்தானே?"

அவர் என்னை வற்புறுத்தினார் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் கல்லூரி அரங்கில் பாராட்டு விழா. சீருடையில் மேடையில் உட்கார்ந்திருந்தோம். அவள் சட்டைக் கையில் இறக்கைச் சின்னம் இருந்தது, என் சட்டையில் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு பேராசிரியை குனிந்து உன்னுடையது எங்கே என்று கேட்டார். "தபால்ல வரும் மேடம்" என்றேன். யோசிக்காமல் வந்தது. விரிவுரையாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை. முழுக்க என் சொந்தப் பொய். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவள் தலையைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைப் பேச அழைத்தார்கள். மைக் உயரமாக இருந்தது. எட்டிப் பிடித்துக்கொண்டு பேசினாள். நான் பயந்தேன், நான் வாசலில் நின்றேன், நான் குதித்தேன், ஐந்து முறை குதித்தேன் என்று நான், நான் என்றே பேசினாள். நாங்கள் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. எனக்கு மட்டும் அதன் காரணம் தெரியும். பொய் சொல்லவும் அவளுக்கு மனமில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. ஒவ்வொரு 'நான்' வரும்போதும், இந்தத் தடவை சொல்லிவிடுவாள், இந்தத் தடவை சொல்லிவிடுவாள் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அரங்கில் முன்வரிசையில் முகங்கள் மாறுவதைப் பார்த்தேன். அடுத்து நான் எழுந்து இரண்டே நிமிடம் பேசினேன். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி சொன்னேன். எனக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி.

விழா முடிந்து வெளியே வருவதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. கூடப் போன பெண்ணின் பெயரைக்கூட எடுக்கவில்லை, என்ன தலைக்கனம், அந்த இன்னொரு பெண் எவ்வளவு அடக்கம். இரண்டு பெண்களும் குதித்தார்கள் என்று நாளிதழில் மாவட்டச் செய்தியில் நான்கு வரி வந்தது. அது அடி அண்ணாமலைக்கும் போயிருக்கிறது. இவள் மேடையில் பேசிய விதமும் அதற்கு முன்பே போயிருக்கிறது. கடைக்கு முன்னால், நாலு பேர் பார்க்க, அவள் அம்மா துடைப்பத்தால் அவளை அடித்தாராம். கூடப் போனவள் செய்ததையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டு அடித்தாராம். அவர்கள் ஊரிலிருந்து வரும் இன்னொரு மாணவி எனக்குச் சொன்னாள்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தேன். அவள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். "நீ சொல்லுவேன்னு பாத்துட்டே இருக்கேன்" என்றாள்.

"சார் வேணாம்னு சொன்னாரு."

"சார் உன் வாயைத் தெச்சிட்டாரா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்றாம் ஆண்டு முடியும் வரை என்னோடு அவள் பேசவில்லை. நான் மாணவர் படையிலிருந்து விலகிக்கொண்டேன். அடுத்த ஆண்டு மூன்று பெண்களை அனுப்பினார்கள், மூன்று பேரும் குதித்தார்கள். விரிவுரையாளர் சொன்னது அந்த வகையில் சரிதான்.

அப்பா அந்த நான்கு வரியைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கதவைத் திறந்து காட்டுவார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றாரே, ஆகவே ஒருநாள் எப்படி இருந்தது என்று கேட்டார். காற்று ஜாஸ்தி, சத்தம் ஜாஸ்தி என்று சொன்னேன். அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் கதவு திறந்தது. மாப்பிள்ளை ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பம், இயந்திரப் பொறியாளர். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வருடம் போனது. அது எட்டு வருடம் ஆனது. அவள் ரயிலில் சொன்னதுதான்; வாய் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் அவருடைய கம்பெனி அவரை ஒரு வருடம் இங்கிலாந்துக்கு அனுப்பியது. நானும் போனேன். அங்கே அவரோடு வேலை பார்த்த ஒருவர் வார இறுதிகளில் பாராசூட் குதிக்கும் கிளப்பில் உறுப்பினர். என் கணவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, "நாளைக்குக் காலையில உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் உன்னைப் பாக்கணும்னு இருக்காங்க" என்றார். சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த நான் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அது போர்க்காலத்தில் கட்டிக் கைவிட்ட பழைய விமானத்தளம். ஓடுபாதையின் வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. தகரக் கொட்டகையில் தேநீர் மேசை, பெஞ்சுகள். பயிற்சி கொடுப்பவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கைகுலுக்கிவிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். வருகிற எல்லோரும் நிரப்ப வேண்டியது. பெயர், எடை, நோய்கள். அதற்குக் கீழே: இதற்கு முன் எத்தனை முறை குதித்திருக்கிறீர்கள்?

என் கணவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா அந்த இடத்தில் நின்றது. எண் எதையாவது எழுதினால் அதை நம்பி என்னை அதற்கேற்ற உயரத்தில் கொண்டுபோய் விடுவார்கள் என்று புரிந்தது. பூஜ்யம் போட்டேன். பக்கத்தில், விமானத்தில் ஏறியது ஒருமுறை, குதிக்க மறுத்தேன் என்று எழுதினேன்.

என் கணவர் அதைப் படித்தார். மூச்சுவிடும் சத்தம் மாறியது. தமிழில், யாருக்கும் கேட்காத குரலில், "வா, போயிடலாம்" என்றார்.

"இல்லைங்க. கத்துக்கறேன்."

அவர் வெளியே போய் காரில் உட்கார்ந்துகொண்டார். பயிற்சியாளர் படிவத்தைப் படித்தார். அன்று வரிசையில் எத்தனையாவது ஆளாக நின்றாய் என்று மட்டும் கேட்டார். ஏழு என்றேன். "ஆறு பேர் போவதைப் பார்த்திருக்கிறாய். இங்கே நீதான் முதல் ஆள்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை முழுக்கத் தரைப்பயிற்சி. மேசையிலிருந்து மெத்தையில் விழுந்து உருண்டேன். பத்து வருடம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை. ஞாயிறு குதிக்க வேண்டும். காற்று அதிகம் என்று நிறுத்தினார்கள். அடுத்த வாரம் போனோம்; மேகம். அதற்கடுத்த வாரம் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு விமானத்தின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். காற்றின் திசை காட்டும் துணிக் குழாய் கம்பத்தில் படுக்கையாகவே பறந்துகொண்டிருந்தது. திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் என் கணவர் தேவைக்கு மட்டும் பேசினார். அவருடைய கோபம் நான் குதிக்காததில் இல்லை. நண்பர்களுக்கு முன் தன்னை அசடாக்கிவிட்டேன் என்பதில். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்தான் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த மூன்று வாரமும், கத்தரிக்காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த வாசல் வந்து நிற்கும்.

நான்காவது வாரம் காலை ஏழு மணிக்கு வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சின்ன விமானம். கதவையே கழற்றியிருந்தார்கள். தரையில் ஒருவர் முழங்காலுக்குள் ஒருவராக நான்கு பேர் உட்கார்ந்தோம். முதல் ஆள் என்பதால் நான் வாசலை ஒட்டி. விமானம் கிளம்பியது முதல் என் வலது தோளுக்கு வெளியே ஒன்றும் இல்லை. வயல்கள் சின்னதாகிக்கொண்டே போயின. நாடாவின் கொக்கி மாட்டியிருப்பதை நான்கு முறை தொட்டுப் பார்த்தேன்.

எஞ்சின் சத்தத்தைக் குறைத்தார்கள். பயிற்சியாளர் காலை வெளியே வைக்கச் சொன்னார். சக்கரத்துக்கு மேலே ஒரு சின்னப் படி. இரண்டு காலையும் வைத்தேன். காற்று காலை ஒருபக்கமாகத் தள்ளியது. இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்தேன். போ என்றார். என் கை விடவில்லை. அதே கை, அதே இறுக்கம். எனக்கு அழுகைகூட வரவில்லை. இவ்வளவுதான் நான் என்று தோன்றியது.

அவர் கத்தவில்லை. தோளைத் தொட்டு உள்ளே இழுத்து உட்காரவைத்தார். விமானம் ஒரு சுற்று சுற்றி வரும், வேண்டாம் என்றால் என்னோடு கீழே வரலாம் என்றார். அந்தச் சுற்று எத்தனை நிமிடமோ. நான் கீழே பார்க்கவில்லை, படியில் இருந்த ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பூட்ஸ் நாடாவைக் கட்டியபடி சொன்னதை முதன்முறையாக நான் வாய்விட்டுச் சொன்னேன். பயமா இருக்கு, பயமா இருக்கு என்று சத்தமாகவே சொன்னேன். தமிழ் தெரியாத பயிற்சியாளர் தலையாட்டினார்.

மறுபடி காலை வெளியே வைத்தேன். குதித்தேன் என்று சொல்ல முடியாது. கையை விட்டேன்.

ஒரு எண்ணுக்கு ஒரு நொடியாக, ஆயிரம், இரண்டாயிரம் என்று நிதானமாக எண்ணச் சொல்லியிருந்தார்கள். நான் ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று ஒரே மூச்சில் எண்ணி முடித்துவிட்டேன். இன்னும் விழுந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றுமே நினைக்கவில்லை. பிறகு தோளை யாரோ பிடித்து உலுக்கியதுபோல் ஒரு இழுப்பு. நிமிர்ந்து பார்த்தால் வட்டமாக, முழுசாக விரிந்திருந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வெகு கீழே ஒரு நாய் குரைப்பது கேட்டது. எங்கள் கார் தெரிந்தது. காருக்கு வெளியே ஒருவர் நின்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் பாராசூட்டைக் காற்றுக்கு எதிராகத் திருப்ப வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தரையில் ஒரு பெரிய அம்புக்குறியைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். நான் பார்க்கவே இல்லை. ஓடுபாதையைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, ஒரு கிழங்கு வயலில் விழுந்தேன். கணுக்காலில் குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. என் கணவர் சேற்றில் ஓடி வந்தார். "குதிச்சிட்டேங்க" என்றேன். "பாத்தேன், பாத்தேன், அசையாதே" என்றார்.

கால் மாவுக்கட்டில் இருந்த ஆறு வாரத்தில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அவளுக்கு. முழுவதும் எழுதினேன். அப்பாவின் பதிலில் மழை, உறவினர் கல்யாணம் எல்லாம் இருந்தது. கடைசியில், 'நீ எழுதியதைப் படித்தேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்' என்று ஒரு வரி. ஊருக்குத் திரும்பி வந்தபோது அலமாரிக் கதவில் பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. அவளிடமிருந்து பதில் வரவில்லை.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அடி அண்ணாமலைக்குப் போனேன். அவள் செங்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் கடையில் இருப்பாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடை அதே இடத்தில் இருந்தது. அம்மா தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்ததும் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"லெட்டர் வந்துது" என்றாள்.

"பதில் போடலையே."

"இன்னா போடறது? குதிச்சிட்டேன்னு எழுதியிருந்தே. சந்தோஷம்தான். ஆனா நீ ஏன் குதிக்கலைன்னு நான் உன்னை எப்பவாவது கேட்டனா?"

இங்கிலாந்தில் குதித்ததையே அவளுக்காகக் கொண்டுவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் தன் அம்மாவின் பக்கம் கண்ணைக் காட்டினாள். மூன்றடி தூரத்தில் அவர் இருந்தார். பக்கத்துக் கடைப் பூக்காரி இருந்தாள். தேங்காய் வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கணுக்கால் வலிக்க எழுந்து நின்றேன்.

"அம்மா, அன்னிக்கு ஆக்ராவுல நான் குதிக்கலம்மா. இவ ஒருத்திதான் குதிச்சா. மேடையில இவ பேசினது அத்தனையும் நெசம். நான்தான் வாயை மூடிட்டு இருந்தேன்."

அவர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். முதலில் மகளைப் பார்த்தார், பிறகு என்னை. "இத்த அன்னிக்கே வந்து சொல்றதுக்கு உனக்கு இன்னா வந்துது?"

"பயமா இருந்துதும்மா."

"மேலேர்ந்து உழறதுக்கா, எங்கிட்ட வந்து சொல்றதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

அவர் மேற்கொண்டு என்னைத் திட்டவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. நின்றிருந்தவர்களுக்குத் தேங்காய் எடுத்துக் கொடுத்தார். பிறகு மகளிடம், யாரிடமோ சொல்வதுபோல், "அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடி" என்றார். அவள், "சொன்னா இன்னும் ரெண்டு போட்டிருப்பே" என்றாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. பூக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அது எனக்கு உறுத்தவில்லை.

பஸ் வரும் இடம் வரை அவள் கூட வந்தாள். நான் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. அங்கே எந்த உயரத்திலிருந்து, எத்தனை பேர், விமானம் எவ்வளவு பெரிது, காலை எப்படி வைத்து விழுந்தாய் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் காலை வைத்த விதத்தைச் சொன்னதும், "உடையாம என்ன செய்யும்?" என்றாள். அந்த ஊரில் இதையெல்லாம் கேட்க அவளுக்கு இத்தனை வருடமாக ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பஸ்ஸுக்காக நின்றபோது தானாகவே சொன்னாள். "மொத தடவை எனக்கு ஒண்ணுமே தெரியல. நீ நின்னதைப் பாத்த அதிர்ச்சியிலயே போயிட்டேன். ரெண்டாவது நாள்தான் கஷ்டம். எல்லாம் தெரியும் இல்ல? வாசல்ல நின்னு மாட்டேன்னு சொல்ல வாயைத் தெறந்துட்டேன். பின்னாடி இருந்தவ இடிச்சிட்டா, போயிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது?"

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் இவங்களுக்குக் காலு சரியில்லை, உட்கார இடம் கொடுங்க என்றாள். பிறகு கடைக்குத் திரும்பி நடந்தாள்.